டாங்கிள் வேலை செய்யவில்லை, விற்றவரும் பதில் சொல்லவில்லை: ஒரு தமிழ் அச்சு மென்பொருளின் சேவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பக்கம் கோயில் அழைப்பிதழ், கல்யாணப் பத்திரிகை, காவடி நிகழ்ச்சி நிரல் அடிக்கும் சிறு அச்சகங்களுக்கு விற்கப்படும் தமிழ்ப் பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒன்றின் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. மென்பொருள் நல்லது, எழுத்துருக்கள் அழகு, விண்டோஸ் 10-இல் தொல்லையே இல்லை. விண்டோஸ் 11-க்கு மாறியதும் விற்றவர் கைவிட்டுவிட்டார்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடியும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறவர் "மாற்றுவதற்கு முன் எங்களைக் கேளுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. மாற்றியபின் உரிம டாங்கிளை, அதாவது மென்பொருளைத் திறக்க யூஎஸ்பியில் செருகும் சாவியை, கணினி கண்டுகொள்ளவில்லை. போன் செய்தால் "அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்ற ஒரே பதில்தான்.

மறுபடி போட்டு இது தீராது. கோளாறு மென்பொருளில் இல்லை, டாங்கிளை விண்டோஸுடன் பேசவைக்கும் சிறு நிரலான டிரைவரில் இருக்கிறது. விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே வருகிறது. 32-பிட் டிரைவரை ஏற்றாது. 64-பிட் டிரைவருக்கும் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். டிவைஸ் மேனேஜரில் டாங்கிளுக்கு மஞ்சள் முக்கோணமும் கோட் 52-உம் தெரிந்தால் கையொப்பச் சிக்கல். டிரைவரை ஏற்ற முடியவில்லை என்ற அறிவிப்பு வந்தால், பெரும்பாலும் மெமரி இன்டெக்ரிட்டி என்ற விண்டோஸ் பாதுகாப்பு வசதி தடுக்கிறது. அது விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் என்ற வழியில் இருக்கும்.

பல முறை கேட்டபின் விற்றவரிடம் கிடைத்த ஆலோசனை, மெமரி இன்டெக்ரிட்டியை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள் என்பது. இது பொறுப்பற்ற பேச்சு. வாடிக்கையாளர் கோப்பும் வங்கிக் கணக்கும் புழங்கும் கணினி அது. காரணத்தை உறுதிசெய்ய ஒருமுறை அணைத்துப் பார்க்கலாம். பிறகு திரும்பப் போட்டுவிட வேண்டும். சரியான வழி, டாங்கிளைத் தயாரித்த நிறுவனத்தின் புதிய டிரைவர். டாங்கிளைக் கழற்றி, பழைய டிரைவரை நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து, புதியதை நிறுவியபிறகே டாங்கிளைச் செருக வேண்டும். இந்த நான்கு வரியை விற்றவர் சொல்லியிருந்தால் இந்த மதிப்புரைக்கே வேலையில்லை.

மேம்படுத்தி 10 நாள் ஆகவில்லை என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரி வழியாகப் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். அதுவரை டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் கோப்புகளை அழிக்கவே கூடாது. நாள் கடந்திருந்தால், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் விண்டோஸ் 10-ஐ நிறுவி, யூஎஸ்பி வழியாக டாங்கிளை அதற்குக் கொடுத்து, இணையத்தைத் துண்டித்து வேலை பார்க்கலாம். மைக்ரோசாஃப்டின் இதே வகை வசதியான ஹைப்பர்-வி இதற்குச் சரிவராது; யூஎஸ்பி டாங்கிளை நேராக உள்ளே கொடுக்க அதில் வழி இல்லை.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை பழைய கோப்புகள். இந்த மென்பொருள், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடில் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பழைய குறியாக்கம் அது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கிலக் குவியல்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றித் தருவதாக விற்றவர் சொன்ன கருவியில் பிழைகள் மலிந்திருக்கின்றன. பழைய முறையில் கொம்பு எழுத்துக்கு முன்னால் இருக்கும்; யூனிகோடில் மெய்க்குப் பின்னால் வரும். அதனால் 'கொ', 'கோ' உடைகின்றன. காலும் 'ர'-வும் இடம் மாறுகின்றன. 'ஔ' 'ஒள' ஆகிறது. கோயில் அழைப்பிதழில் 'ஸ்ரீ' உடைந்து அச்சானால் அதை யார் வாங்குவார்கள்? டாங்கிள் வேலை செய்யும்போதே ஒவ்வொரு கோப்பையும் எழுத்துரு பதித்த பிடிஎஃப்பாக எடுத்துவையுங்கள். மாற்றிய உரையை அதோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பாருங்கள்.

கட்டணத்தைப் புதுப்பிக்கும் முன் இரண்டை எழுத்தில் கேளுங்கள்: எந்த விண்டோஸ் பதிப்பு வரை ஆதரவு, யூனிகோட் ஏற்றுமதி உண்டா. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மென்பொருளும் அதன் உரிமமும் 'பொருள்' என்றே வரையறுக்கப்பட்டுள்ளன. தரமான சேவையைக் கோரும் உரிமையை 54-ஆம் பிரிவு தருகிறது. நிறுவனமாகப் பதிந்த அச்சகம் என்றால், ஆண்டு வருவாயும் சொத்தும் 20 லட்சம் ராண்டுக்குக் கீழே இருந்தால்தான் இந்தச் சட்டம் துணைக்கு வரும். புகார் கொடுப்பதாக இருந்தால் போன் பேச்சை நம்ப வேண்டாம். பிழைச் செய்தியின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), மேம்படுத்திய தேதி, கட்டண ரசீது மூன்றையும் இணைத்து விற்றவருக்கு முதலில் மின்னஞ்சல் அனுப்புங்கள்.