மெடிக்கல் டெஸ்ட் வேண்டாம் என்று விற்கிறார்களா? முதலில் விலக்குப் பக்கத்தைப் படியுங்கள்

“மெடிக்கல் டெஸ்ட் கிடையாது, பிரீமியம் ரொம்பக் குறைவு, உயிருக்கு இருபது லட்சம் கவர்.” இப்படி யாராவது பாலிசியை நீட்டினால் முதல் பக்கத்தில் அதன் பெயரைப் பாருங்கள். பல சமயம் அது ஆயுள் காப்பீடாக இருக்காது. விபத்து மரணம், உறுப்பிழப்புக்கு மட்டுமான காப்பீடாக இருக்கும். ஏமாந்த விஷயம் எடுத்தவருக்குக் கடைசிவரை தெரியாது. அவர் போன பிறகு காகிதத்தோடு போய் நிற்கும் குடும்பத்துக்குத்தான் தெரியவரும்.

ஆயுள் காப்பீட்டில் ஆள் இறந்தாரா, பாலிசி நடப்பில் இருந்ததா என்பதே முக்கியக் கேள்வி. புற்றுநோயோ மாரடைப்போ சாலை விபத்தோ, தொகை உண்டு. முதல் ஓரிரு ஆண்டுக்குள் தற்கொலை, விண்ணப்பத்தில் நோயை மறைத்தது போன்ற சில விலக்குகளே (தொகை தராத சூழல்களே) இருக்கும். விபத்துப் பாலிசிக்கு உங்கள் சர்க்கரை அளவு தேவைப்படாததன் காரணம் எளிது: சர்க்கரை நோயால் நீங்கள் இறந்தால் அவர்கள் ஒரு காசும் தரப்போவதில்லை. பிரீமியம் மலிவாக இருப்பதும் அதனால்தான்.

சண்டை வரும் இடம் ஒரே ஒரு வரி. “வேறு எந்தக் காரணத்தையும் சாராமல், விபத்தினால் மட்டுமே நேரடியாக ஏற்பட்ட மரணம்” என்ற பொருளில் அது இருக்கும். வண்டி ஓட்டும்போது நெஞ்சுவலி வந்து, வண்டி மரத்தில் மோதி ஒருவர் இறக்கிறார். ஊரே விபத்து என்கிறது. கம்பெனியோ போஸ்ட்மார்ட்டம் அறிக்கையைப் புரட்டி, இதயம் முதலில் நின்றதா, அடி முதலில் பட்டதா என்று பார்க்கும். இதயம் என்று எழுதியிருந்தால் கிளெய்ம் பெரும்பாலும் நிராகரிக்கப்படும். குளியலறையில் விழுந்து இறந்தவருக்குப் பக்கவாதம் வந்ததால்தான் விழுந்தார் என்று தெரிந்தாலும் இதே கதிதான். குடித்துவிட்டு ஓட்டியது, அளவுக்கு மீறிய போதைமருந்து, அறுவைச் சிகிச்சையில் வந்த சிக்கல், போர், தற்கொலை ஆகியவை வழக்கமான விலக்குகள். பாராசூட் குதிப்பு போன்ற சாகசங்களும் பல பாலிசிகளில் சேரும்.

நாள் கணக்கும் உண்டு. விபத்து நடந்து 90, 180 அல்லது 365 நாளுக்குள் உயிர் போயிருக்க வேண்டும் என்று பாலிசிக்குப் பாலிசி மாறும். கோமாவில் கிடந்து கெடு தாண்டி இறந்தால் தகராறுதான்.

உறுப்பிழப்பு அட்டவணை இன்னும் கறார். இரண்டு கை, இரண்டு கால் அல்லது இரண்டு கண்ணும் போனால் முழுத் தொகை. ஒரு கையோ காலோ கண்ணோ என்றால் பொதுவாகப் பாதி. ஒரே கையின் கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் சேர்ந்து போனால் பெரும்பாலும் கால் பங்கு. சுண்டுவிரல் மட்டும் போனால் பல பாலிசிகளில் ஒன்றுமில்லை. ‘கை’ என்றால் மணிக்கட்டிலோ அதற்கு மேலோ துண்டாகியிருக்க வேண்டும். நரம்பு அறுந்து கை தொங்கிக் கிடந்தாலும், செயலிழப்புக்குத் தனி வரி இல்லாத பாலிசியில் அது இழப்பாகாது.

வேலையிடத்துக் குழுக் காப்பீட்டில் வேறொரு தந்திரம் இருக்கிறது. ஆயுள் காப்பீடு இருபது லட்சம், விபத்துக் காப்பீடு இருபது லட்சம் இரண்டையும் கூட்டி “மொத்தம் நாற்பது” என்று காட்டுவார்கள். நோயில் இறந்தால் கிடைப்பது இருபதுதான். நாற்பது வேண்டுமென்றால் விபத்திலேயே சாக வேண்டும். வேலையை விட்டால் பெரும்பாலும் இரண்டும் போய்விடும். தனி பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி இருந்தாலும் அதற்குச் சில வாரங்களே கெடு.

ஏஜென்ட்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தூக்கத்தில் மாரடைப்பு வந்து இறந்தால் நாமினிக்கு எவ்வளவு?” பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய் ஜாலத்துக்குக் கிளெய்ம் மேசையில் மதிப்பில்லை. விபத்துக் கவர் பயனற்றது என்று சொல்லவில்லை. ஆயுள் பாலிசியோடு ரைடராக, அதாவது கூடுதல் இணைப்பாக, சேர்த்தால் நல்லதுதான்.

ஏற்கெனவே விபத்துப் பாலிசி மட்டும் இருக்கும் வீட்டில் சந்தேக மரணம் நேர்ந்தால், இறுதிச் சடங்குக்கு முன் போஸ்ட்மார்ட்டம் நடந்ததா என்று பாருங்கள். எரித்த பிறகு காரணத்தை நிரூபிப்பது பெரும்பாடு. காவல்துறை அறிக்கை, மருத்துவமனைக் குறிப்புகள், ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றின் நகலையும் வாங்கி வையுங்கள். கிளெய்ம் மறுக்கப்பட்டால், எந்த விதி எண்ணின்கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக் கெடு பெரும்பாலும் அந்தக் கடிதத்திலேயே இருக்கும்.