பாளையங்கோட்டையில் சிறுநீரகப் பரிசோதனை: பேக்கேஜில் விடுபட்டது எது?

மேலப்பாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டிற்குக் காலை 6.30 மணிக்கே வந்து, என் தாயாருக்கு இரத்தம் எடுத்துச் சென்ற பாளையங்கோட்டைப் பரிசோதனை நிலையம் ஒன்றின் சேவையைப் பற்றி எழுதுகிறேன். குறை ஒன்றைச் சொல்ல வேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அம்மாவுக்கு வயது 58. சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மடியில் சொளவை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் பீடி சுற்றுபவர் என்பதால், சாயங்காலத்தில் கால் வீங்குவதை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. காலையில் கண்ணைச் சுற்றி முகம் உப்பியிருந்தது. கழிப்பறையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிய பிறகும் நுரை அடங்கவில்லை. "எல்லாம் வெக்கைதாம்ல, ராத்திரி ரெண்டு தடவை எந்திரிக்கேன், அவ்வளவுதான்" என்று அவர் சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

இரத்தம் எடுக்க வந்த பெண் பொறுமையாகவும் வலிக்காமலும் எடுத்தார். அன்று மாலையே முடிவு வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. 600 ரூபாய் 'கிட்னி பேக்கேஜில்' யூரியா, கிரியாட்டினின் (இரண்டும் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள்), உப்புகள் ஆகியவற்றின் இரத்த அளவுகள் மட்டுமே இருந்தன. கிரியாட்டினின் 0.9, எல்லாம் இயல்பு என்று முழுவதும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் இந்தச் சேவை தவறிவிடுகிறது. சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் வரை கிரியாட்டினின் இயல்பளவுக்குள்ளேயே இருக்கக்கூடும். சர்க்கரை நோயாளிக்கு அதற்கு முன்பே சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசியத் தொடங்கிவிடுகிறது. அதைக் காட்டும் அல்புமின்–கிரியாட்டினின் விகிதப் பரிசோதனை அந்த பேக்கேஜில் இல்லை. நானாகக் கேட்டு, தனியாக 450 ரூபாய் கட்டி, காலையில் முதலில் கழித்த சிறுநீரைக் கொடுத்த பிறகே 180 என்ற எண் தெரியவந்தது. 30-க்குக் கீழே இருக்க வேண்டியது அது. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் இது கூடலாம் என்பதால், மூன்று மாதத்திற்குள் மறுபடியும் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதையும் அறிக்கையில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் காட்டியபோது, முழங்கால் வலிக்கென்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விழுங்கிவந்த வலி மாத்திரையை மருத்துவர் உடனே நிறுத்தச் சொன்னார். இரத்த அழுத்த மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து அதே நிலையத்தில் எடுத்தபோது விகிதம் 110 ஆக இறங்கியிருந்தது.

சுத்தத்திற்கும் நேரந்தவறாமைக்கும் இவர்களை மனதாரப் பரிந்துரைப்பேன். ஆனால் வீட்டில் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் பேக்கேஜை மட்டும் எடுக்காமல், சிறுநீர் அல்புமின் விகிதத்தையும் சேர்த்துப் பார்க்கும்படி பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.