ஒரே மலை, இரு பருவங்கள்: அருகிலுள்ள ரிசார்ட்டில் பனிச்சறுக்கும் மலை மிதிவண்டியும்

காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடக்கூடிய தொலைவில் இருக்கும் ஒரு மலை ரிசார்ட்டுக்கு, குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கும் கோடையில் மலை மிதிவண்டிக்குமாகப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். விடுமுறையில் ஒரு வாரம் தங்கிச் செல்பவருக்கு ஒரு மலையைப் பற்றித் தெரியவருவது பெரும்பாலும் அந்த வாரத்து வானிலைதான்; நல்ல பனி கிடைத்தால் இடம் அருமை என்றும், மழை பெய்தால் இடம் சரியில்லை என்றும் முடிவு கட்டிவிடுவார். தொடர்ந்து போகிறவருக்குத்தான் அந்த மலை எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்பது புலப்படும். சிறிய ரிசார்ட் ஒன்றை மதிப்பிட அதன் உயரமோ தடங்களின் எண்ணிக்கையோ போதாது என்பது என் உறுதியான கருத்து. எல்லோரும் கீழே இறங்கிப் போன பிறகு அங்கே நடக்கும் வேலையைத்தான் பார்க்க வேண்டும்.

நடுத்தர உயரமுள்ள மலைகளில் வானத்திலிருந்து விழும் பனியை மட்டும் நம்பிப் பருவத்தைத் தொடங்க முடிவதில்லை. நீரை நுண்துளிகளாகப் பீய்ச்சிப் பனியாக்கும் இயந்திரங்களே முதல் வாரங்களைத் தாங்குகின்றன. அவற்றை ஓட்டுவதற்கு வெப்பமானி காட்டும் எண் மட்டும் போதாது. காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க வேண்டும். அதனால்தான் காற்று நன்கு வறண்ட இரவில் வெப்பநிலை சுழியத்துக்குச் சற்றே மேலிருந்தாலும் பனி செய்ய முடிகிறது. ஈரமான இரவில் சுழியத்துக்குக் கீழே ஒரு டிகிரி இருந்தும் இயந்திரங்கள் சும்மா நிற்கின்றன. இயந்திரப் பனியைத் தாழ்வாகப் பேசுவோர் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. இயற்கைப் பனியைவிட அது அடர்த்தியானது, மணிகள் உருண்டையானவை. ஆகவே சறுக்கும்போது கடினமாகத் தோன்றினாலும் வெயிலையும் கூட்டத்தையும் அதிக நாள் தாங்குகிறது. அடியில் இயந்திரப் பனி கனமாக இருக்கும் தடங்களில்தான் பருவத்தின் கடைசி வாரங்களிலும் கல் தட்டாமல் இறங்க முடிகிறது.

பனி இருந்தால் மட்டும் போதாது, அதை இரவில் சமன்செய்யும் நேரமும் முக்கியம். சீரமைப்பு வண்டி பனியைக் கிளறி அழுத்திய பிறகு, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகச் சில மணி நேரம் தேவைப்படுகிறது. முந்தைய மாலையே வேலை முடிந்திருந்தால், காலையில் முதல் லிஃப்டில் (கம்பிவடத்தில் தொங்கி ஆட்களை மலைமேல் ஏற்றும் இருக்கை) ஏறிப் பார்க்கும்போது தடம் முழுவதும் சீப்பால் வாரியதுபோல் வரிவரியாக இருக்கும். ஸ்கீ எனும் சறுக்குப் பலகையின் விளிம்பை அந்த வரிகளின்மேல் சாய்த்து அழுத்தினால், வரி உடையாமல் விளிம்பு பதிந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் விழும். திறப்பதற்குச் சற்று முன்புதான் வண்டி ஓடியிருந்தால் அதே வரிகள் பொலபொலவென்று உதிரும். பத்து மணிக்குள் திருப்பங்களின் வெளிப்புறத்தில் பனி குவியலாகச் சேர்ந்து, நடுவில் பளபளக்கும் பனிக்கட்டி மட்டும் மிஞ்சும். நான் போகும் இடத்தில் வார நாள்களில் இந்த வேலை நன்றாகவே நடக்கிறது. நீண்ட விடுமுறைகளில் இரவுச் சறுக்கையும் சேர்த்து நடத்துவதால், பனி இறுகுவதற்கான நேரம் கிடைக்காமல் போகிறது. அதன் விலையை மறுநாள் காலையில் வருகிறவர்கள் கொடுக்கிறார்கள்.

சரிவு எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் ஒரு நாளைத் திட்டமிடுவது எளிதாகிவிடும். வட அரைக்கோளத்தில் வடக்கு நோக்கிய சரிவுகள் பனியை நெடுநாள் காக்கும். இளவேனிலில் இரவில் உறைந்து பகலில் இளகும் பனிக்கு, கிழக்குச் சரிவு முதலில் பதமாகும், பிறகு தெற்கு, கடைசியாக மேற்கு. அந்தந்தச் சரிவு மேலாக ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் இளகியிருக்கும் நேரத்தில் அங்கே இருப்பவருக்குக் கிடைக்கும் சறுக்கலுக்கு இணையானது புதுப்பனியில்கூட அரிது.

கருவிகளில் என் பரிந்துரை ஒன்றுதான்: காலணியைச் சொந்தமாக வாங்குங்கள், ஸ்கீயை வாடகைக்கு எடுங்கள். காலணிக்குள் கால் அசைந்தால் ஸ்கீயின் விளிம்பு அசையாது. எவ்வளவு நல்ல ஸ்கீயும் தளர்ந்த காலணியோடு வீண். வாடகைக் கடையில் காலணியைப் பிடிக்கும் பைண்டிங்கைச் சரிசெய்யும்போது எடை, உயரம், வயது, காலணியின் அடிநீளம், திறமை ஆகியவற்றைக் கேட்டே அமைக்க வேண்டும். விழும்போது கால் விடுபடுமா, முழங்கால் முறுகுமா என்பது அந்த அமைப்பைப் பொறுத்தது. கேட்காமலே திருகை முறுக்கித் தருகிறவரிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

தடங்களின் நிறக் குறியீட்டைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கருப்பு வைரம் என்றும், ஐரோப்பாவின் பல நாடுகளில் பச்சை, நீலம், சிவப்பு, கருப்பு என்றும் குறிக்கிறார்கள். நடைமுறையில் இந்தத் தரங்கள் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டுக் கொடுக்கப்படுபவை. ஓர் இடத்து நீலம் இன்னோர் இடத்தில் சிவப்பாக இருக்கலாம். அதைவிட முக்கியமானது, சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967இல் ஏற்றுக்கொண்ட நடத்தை விதிகள். மேலிருந்து வருபவரே கீழே இருப்பவருக்கு வழிவிட்டுத் தன் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதியை மட்டும் எல்லோரும் கடைப்பிடித்தாலே, சிறிய மலைகளில் தடங்கள் கூடும் இடங்களில் நடக்கும் மோதல்களில் பெரும்பாலானவை நின்றுவிடும். குழந்தைகளை அழைத்துச் செல்வோர் வெயிலையும் கவனிக்க வேண்டும்: ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது, புதுப்பனி அதில் 80 விழுக்காடு வரை திருப்பி வீசுகிறது. தாடைக்கு அடியிலும் களிம்பு பூச வேண்டியிருப்பது அதனால்தான்.

பனி உருகித் தடங்கள் உலர்ந்த பிறகு அதே லிஃப்டில் இருக்கைகளுக்கு இடையே மிதிவண்டிக் கொக்கிகள் மாட்டப்படுகின்றன. இங்கே என் மதிப்பீடு குளிர்காலத்தைவிடக் கறாரானது. ஏனெனில் பனி தன் குறைகளை அடுத்த பனிப்பொழிவில் மூடிக்கொள்ளும், மண் மூடிக்கொள்ளாது. திருப்பத்துக்குச் சற்று முன் எல்லோரும் ஒரே இடத்தில் பிரேக் பிடிப்பதால் அங்கே அலையலையாகக் குழிகள் உருவாகின்றன. அவற்றைத் தவிர்க்க ஓட்டுபவர்கள் தடத்தின் ஓரத்துக்கு ஒதுங்குகிறார்கள், தடம் அகலமாகிறது, அகலமான இடத்தில் மழைநீர் ஓடத் தொடங்குகிறது, அடுத்த பருவத்தில் அது ஓடையாகிவிடுகிறது. நல்ல தடம் அமைப்பவர் திருப்பத்துக்கு முன்னால் ஒரு சிறிய ஏற்றத்தை வைத்து வேகத்தைத் தானாகக் குறைப்பார். அதே ஏற்றம் நீரையும் பக்கவாட்டில் திருப்பிவிடும். எங்கள் மலையில் கையால் அமைத்த பழைய தடங்களில் இந்த அறிவு தெரிகிறது. பின்னர் இயந்திரத்தால் வெட்டிய அகலத் தடங்கள் தொடக்கநிலையினருக்கு இனிமையானவை என்றாலும், கனமழைக்குப் பிறகு அவற்றின் திருப்பங்களில் எழுப்பிய சாய்வுச் சுவர்களின் அடிப்பகுதி அரித்து, முன்சக்கரம் சிக்கும் அளவுக்குப் பள்ளமாகிவிடுகிறது. ஈரமான நாள்களில் தடத்தை மூடி வைக்கும் நிர்வாகத்தைக் கோபிக்காதீர்கள். திறந்து வைக்கும் நிர்வாகத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

லிஃப்டில் ஏறி இறங்குவது வண்டியை மிதித்து ஏறி இறங்குவதிலிருந்து முற்றிலும் வேறானது. ஒரே நாளில் பல மடங்கு இறக்கம் சேர்ந்துவிடுகிறது. 1976இல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் பழைய மிதிவண்டிகளைச் சரிவான மண்பாதையில் ஓட்டிப் பந்தயம் தொடங்கியவர்களுக்கு, ஓர் இறக்கத்திலேயே பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் எரிந்து, மறுபடியும் நிரப்ப வேண்டியிருந்தது. இன்றைய ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குகள் அந்த வெப்பத்தைத் தாங்குகின்றன. ஆனாலும் முழு இறக்கத்திலும் லேசாகப் பிடித்துக்கொண்டே வருபவருக்கு பிரேக் சூடேறித் தளர்ந்துவிடும். குறுகிய நேரம் அழுத்திப் பிடித்து, முழுதாக விட்டுவிடுவதுதான் முறை. சேற்று நாள்களில் பிரேக்கில் உரசும் ரெசின் (பிசின்) பேட்கள் வியப்பூட்டும் வேகத்தில் தேய்கின்றன. உலோகப் பேட்கள் சத்தம் போட்டாலும் நிலைக்கின்றன. சஸ்பென்ஷன் 160 முதல் 200 மில்லிமீட்டர் வரை அசையும் வண்டி, தடித்த உறையுள்ள டயர், முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட், முழங்கால் கவசம் ஆகியவற்றை முதல் பருவத்தில் வாடகைக்கே எடுப்பது நல்லது. காட்டுப்பாதைக்கென்று வாங்கிய இலகுவான வண்டியை இங்கே கொண்டுவந்தால், பின்சக்கர வளையமும் பேரிங்குகளும் ஒரே கோடையில் தளர்ந்துவிடும்.

இரு பருவங்களிலும் ஒரே மலையில் இருப்பதன் பயனை நான் உடலில்தான் அதிகம் உணர்கிறேன். சறுக்கும்போது திருப்பத்தின் வெளிக்காலில் எடையைக் கொடுத்து, இடுப்புக்கு மேலே உடலை நிமிர்த்தி வைக்கக் கற்றவர், சாய்வுச் சுவர் இல்லாத திருப்பத்தில் வெளிப்பக்க மிதியைக் கீழே இறக்கி வண்டியை மட்டும் உள்ளே சாய்ப்பதை எளிதில் பிடித்துக்கொள்கிறார். பார்வையை இரண்டு திருப்பங்களுக்கு அப்பால் வைப்பதும் இரண்டுக்கும் பொதுவானது. களைப்பு மட்டும் வேறு: பனியில் தொடை எரியும், மண்ணில் முன்கை மரத்துப்போகும். பிடி தளர்ந்ததாகத் தோன்றும் நேரத்தில் இறங்குவதை நிறுத்திவிட வேண்டும்.

கோடையில் சறுக்குத் தடங்களின் புல்லை வெட்டிக் கற்களை அகற்றும் வேலையையும் மிதிவண்டியில் போகிறவர் கண்ணால் பார்க்கிறார். கல் நிறைந்த சரிவைத் திறக்க வேண்டிய பனியில் சிறு பகுதியே, சீரான புல்சரிவைத் திறக்கப் போதும். இந்த வேலை நடந்த தடங்களே அடுத்த குளிர்காலத்தில் முதலில் திறக்கின்றன. ஆகவே ஆண்டுச் சீட்டு வாங்க நினைப்பவர்கள் இலையுதிர் காலத்தில் ஒருமுறை தடங்களின்மேல் நடந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். கூடவே மேல் லிஃப்ட் காற்றுக்கு எவ்வளவு திறந்து நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். முகட்டின்மேல் ஏறும் ஒற்றை லிஃப்டை நம்பியிருக்கும் மலையில், பலத்த காற்றடிக்கும் நாள்களில் மேல்பகுதி முழுவதும் மூடிக்கிடக்கும். அந்த நாள்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவார்களா என்பதைச் சீட்டு வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.