ஒன்பது பேருக்கு ஒன்பது சீட் வேன்: புதுச்சேரி பயண அலுவலகம் ஒன்றின் ஐரோப்பாத் திட்டம்

பிரெஞ்சு விசா வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட அலுவலகங்களுக்குப் புதுச்சேரியில் பஞ்சமில்லை. அவற்றில் ஒன்று இப்போது மூன்று தலைமுறைக் குடும்பங்களுக்கு, ‘நீங்களே ஓட்டிப் போகலாம்’ என்று ஐரோப்பாத் திட்டம் போட்டுக் கொடுக்கிறது. கடலூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். திட்டத்துக்கு மட்டும் 18,000 ரூபாய். டிக்கெட், விசா, வண்டி வாடகை எல்லாம் தனி. கைக்கு வருவது ஒரு தடித்த கோப்பு. ஒன்பது பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்குப் போட்டதில்: 14 இரவு, 6 நாடு, ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், ஹைடல்பெர்க், லுசேர்ன், மிலான், கடைசியில் வெனிஸ்.

விசாப் பகுதிக்குக் கொடுத்த காசு வீண் இல்லை. பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்கு 45, ஆறுக்குக் கீழே இலவசம், மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு என எல்லாம் சரியாக இருக்கிறது. இரவுக் கணக்கைப் போட்ட விதம்தான் கெட்டிக்காரத்தனம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் ஷெங்கன் விசாவுக்கு, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசாவுக்கு, மனுப் போட வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. கோப்பில் பிரான்சுக்கு 3 இரவு, சுவிட்சர்லாந்துக்கு 3, இத்தாலிக்கு 3. அதனால் மனு பிரான்சுக்குப் போகிறது. பனிமலையை இன்னொரு நாள் பார்க்கலாமே என்று லுசேர்னில் ஒரு இரவைக் கூட்டினால் போச்சு, மனு சுவிட்சர்லாந்துக்குப் போயாக வேண்டும். இதை மேசையிலேயே எடுத்துச் சொல்கிறார்கள்.

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் ‘சொல்தா’ குடும்பங்களில் தாத்தாவிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட், பேரப்பிள்ளையிடம் இந்தியப் பாஸ்போர்ட் என்று கலந்திருப்பது இங்கே சாதாரணம். தாத்தாவுக்குப் போக விசா வேண்டாம், ஆனால் திரும்பி வர இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையோ இந்திய விசாவோ கையில் இருக்க வேண்டும் என்று தனியாகக் குறித்துக் கொடுக்கிறார்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவில் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு விரல் ரேகையும் படமும் எடுக்கிறார்கள். 12 வயதுக்குக் கீழே படம் மட்டும். ஆயாவின் தேய்ந்த ரேகை ஒரே தடவையில் பதியும் என்று நம்பி அடுத்த விமானத்தை நெருக்கமாகப் போடாதீர்கள்.

சாலைக்கு வந்ததும் கோப்பு தள்ளாடுகிறது.

ஒன்பது பேர் என்றதும் ஒன்பது சீட் வேன் என்று எழுதிவிட்டார்கள். சாதாரண கார் உரிமத்தில் ஓட்டுநரோடு ஒன்பது பேர் போகலாம் என்பது சரிதான். ஆனால் குட்டை மாடலில் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் நின்றவாக்கில் நாலு பெரிய பெட்டி வைத்தால் கதவு மூடாது. ஆளுக்கொரு பெட்டி, மடக்குச் சக்கர நாற்காலி, பிள்ளை வண்டி, அரிசி குக்கர் எல்லாம் எங்கே போகும்? மடியில்தான். முன்பதிவில் ‘நீள மாடல்’ என்று எழுத்தில் வாங்க வேண்டும், அது 5.3 மீட்டருக்கு மேல் நீளம், இரண்டு மீட்டரை ஒட்டிய உயரம். பழைய நகரங்களின் நிலத்தடி நிறுத்தங்கள் பலவற்றில் உயர வரம்பு 1.90 தான். வாசலில் தொங்கும் கம்பி கூரையில் இடித்த பிறகு, பின்னால் நாலு கார் நிற்கும்போது, ரிவர்ஸ் எடுப்பது வேடிக்கை அல்ல. விடுதிக்கு எழுதும்போது ‘பார்க்கிங் உண்டா’ என்று கேட்டால் போதாது, எத்தனை மீட்டர் உயரம் என்று கேளுங்கள்.

ஓட்டத் தெரிந்தவர்கள் இருவர் இருந்தால் ஒரு ஏழு சீட்டர், ஒரு ஸ்டேஷன் வேகன் என்று இரண்டாகப் பிரிப்பதே மேல். ஆயாவுக்கு முழங்கால் வலித்தால் ஒரு வண்டி அறைக்குத் திரும்பலாம். மற்ற ஏழு பேரின் பொழுது கெடாது.

கோப்பில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் பெயர். நம் ஊர் உரிமத்தில் ‘எஸ். முருகன்’, பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயரோடு, கிரெடிட் கார்டில் வேறு மாதிரி. வாடகைக் கவுன்டரில் மூன்றையும் வைத்துப் பார்ப்பார்கள். முன்பணம் பிடித்து வைக்கும் கார்டு முதன்மை ஓட்டுநர் பெயரில் இருக்க வேண்டும். மகன் கார்டு, மருமகன் ஓட்டுநர் என்பது செல்லாது. ஆர்டிஓவில் 1,000 ரூபாய் கட்டி வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒரு வருடம் செல்லும், ஆனால் அசல் உரிமம் இல்லாமல் அது வெறும் தாள். புறப்பட இரண்டு மாதம் இருக்கும்போதே மூன்றிலும் பெயரை ஒன்றாக்கிவிடுங்கள்.

‘எல்லா நாட்டு டோலுக்கும் ஒரே கார்டு’ என்று கோப்பு சொல்வது தவறு. ஜெர்மனியில் காருக்கு டோலே இல்லை. பிரான்சிலும் இத்தாலியிலும் தூரத்துக்கு ஏற்பச் சாவடியில் கட்ட வேண்டும். சுவிட்சர்லாந்தில் நெடுஞ்சாலைக்கு 40 பிராங்க் வருட வில்லை, அதாவது சாலைக் கட்டணம் கட்டியதற்கான ‘விக்னெட்’. இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங்க் அபராதம், வில்லைக் காசு தனி. பாரிசில் எடுத்த வண்டியில் அந்த வில்லை இருக்காது. 2023 முதல் அதை இணையத்திலேயே வாங்கலாம், ஆனால் வண்டி எண் வேண்டும். அது சாவி கைக்கு வந்த பிறகுதான் தெரியும். எல்லைக்கு முந்தின இரவு போனில் வாங்கிவிடலாம்.

பிரெஞ்சு பங்கில் ‘கசோல்’ என்று எழுதியிருப்பது டீசல். பெட்ரோல் என்று நினைத்துப் போட்டு எஞ்சினைக் கெடுப்பவர்கள் உண்டு. மூடியின் உள்பக்கம் பி7 என்றால் டீசல், இ5 அல்லது இ10 என்றால் பெட்ரோல். அதை மட்டும் பாருங்கள்.

குழந்தை இருக்கைக்கு ‘ஒன்று’ என்று எழுதியிருக்கிறார்கள். பத்து வயதுப் பேத்திக்கும் வேண்டும்: ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர் வரை கட்டாயம். பிரான்சில் பத்து வயதோடு முடிகிறது என்று விட்டுவிட்டால் கொலோன் போகும் வழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

லுசேர்ன் முதல் மிலான் வரை மூன்று மணி நேரம் என்று போட்டிருப்பதும் கோடை சனிக்கிழமைக்குப் பொருந்தாது. 16.9 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கத்தில் போக ஒரு தடம், வர ஒரு தடம். வாயிலில் மணிக்கணக்கில் வரிசை நிற்கும். இத்தாலிய ஊர்களின் நடுப்பகுதியில் அனுமதி வண்டிகள் மட்டும் நுழையும் எல்லை உண்டு, கேமராதான் காவல். ஊர் திரும்பிப் பல மாதம் கழித்துக்கூட அபராதம் வீடு தேடி வரும், வாடகை நிறுவனத்தின் சேவைக் கட்டணத்தோடு. வெனிசில் வண்டி நுழையவே நுழையாது, பாலங்களில் படிகள். சக்கர நாற்காலிக் குடும்பத்துக்கு அதைக் கடைசி ஊராக வைத்தவர் வரைபடத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

போதாததற்கு, பாரிசில் எடுத்து இத்தாலியில் விடுவதால் வேறு நாட்டில் ஒப்படைக்கும் கட்டணம் தலையில் விழும். இதே 14 இரவில் சென்னையிலிருந்து நேராகப் பிராங்பர்ட் இறங்கி, ஸ்ட்ராஸ்பூர்க், லுசேர்ன், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக், மூனிக் என்று வளையமாகச் சுற்றி, எடுத்த இடத்திலேயே வண்டியை விடலாம்: நாலு நாடு, சுமார் 1,300 கிலோமீட்டர், ஊருக்கு மூன்று இரவுபோல. ஆஸ்திரியாவுக்கும் தனி வில்லை உண்டு. ஜெர்மனியில் ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே காய்கறி வாங்கிவிட வேண்டும். நெய்யும் பச்சைக் கறிவேப்பிலையும் விமான நிலையத்திலேயே போய்விடும். இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் தாராளமாகப் போகலாம். இப்படி மாற்றினால் ஜெர்மனியில்தான் இரவுகள் அதிகம், விசா மனுவும் அங்கே போகும். பிரெஞ்சு மனுவில் பழகிய இந்த அலுவலகம் அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கிறது.

விசாவுக்கு மட்டும் 6,000 ரூபாய்க்குச் செய்து தருகிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். அதில் பாதியை விசா கைக்கு வந்த பிறகு கொடுக்கவும் ஒத்துக்கொள்கிறார்கள்.