டேப்பை நாமே ஓட்டுவதா, வெளியே கொடுப்பதா?

பல்கலைக்கழக நூலகத்தில் பழைய கேசட்டும் ஸ்பூல் டேப்பும் அலமாரி நிறையக் கிடக்கின்றன என்றால் முதலில் கிளம்பும் வாக்குவாதம் இதுதான். நாமே ஓட்டி டிஜிட்டலாக்குவதா, வெளி நிறுவனத்திடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவதா?

வெறும் கணக்குப் போட்டால் வெளி நிறுவனம்தான் ஜெயிக்கும். 1,000 மணி நேரப் பதிவை ஒரே டெக்கில் (டேப்பை ஓட்டும் கருவி) நாளுக்கு 5 மணி நேரம் ஓட்டினால் 200 வேலை நாள் போய்விடும், டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டைத் துடைப்பது, விவரம் எழுதுவதெல்லாம் தனி. அங்கே ஒரே ஆள் நாலைந்து டெக்கைச் சேர்த்து ஓட்டிவிடுவார்.

ஆனால் சிக்கலும் அதில்தான். பதிவு செய்த கருவியின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால் நம் ஹெட்டையும் அதே சாய்வுக்குக் கொண்டுவர வேண்டும். பக்கத்திலுள்ள குட்டித் திருகாணியை மயிரிழை திருப்பினால் போதும், போர்வைக்குள்ளிருந்து பேசியது போலிருந்த குரலில் 'ஸ'வும் 'ச'வும் பளிச்சென்று எழும். அஞ்சு டெக்கைப் பார்ப்பவர் ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்வாரா? ஒப்பந்தத்தில் எழுதி வாங்காவிட்டால் சந்தேகம்தான். மழுங்கலாக ஏற்றிவிட்டதை அப்புறம் மென்பொருளில் முழுசாக மீட்கவும் முடியாது.

கோப்பு விஷயத்தில் நான் பேரமே பேச மாட்டேன். பாதுகாப்புப் பிரதி, ஒலியைச் சுருக்காத 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு. ஸ்டீரியோவில் மணிக்குச் சுமார் 2 ஜிபி பிடிக்கும், பிடிக்கட்டும். எம்பி3 கேட்பவர்களுக்குக் கொடுக்க மட்டும்.

நோயாளி டேப்புகள் தனி ரகம். ஓடும்போது கிறீச்சிட்டு ஹெட்டில் பழுப்புப் பிசுக்கை அப்பினால் அது ஈரம் குடித்த பாலியெஸ்டர் டேப்பாக இருக்கலாம். 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய இதமான சூட்டில் பல மணி நேரம் வைத்தால் கொஞ்ச நாளைக்கு ஓடும். வினிகர் வாடை வந்தாலோ, சுருளை விளக்குக்கு எதிரே பிடிக்கும்போது வெளிச்சம் ஊடுருவினாலோ அது அசிடேட் என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்த டேப், அதைச் சூடாக்கவே கூடாது. இந்த இரண்டையும் வீட்டுச் சோதனைக்கு விடாமல் இதற்கென்றே உள்ள நிபுணரிடம் அனுப்புவேன், கட்டணம் கூடினாலும் சரி.

மற்றபடி சில நூறு மணி நேரம்தான் என்றால் நாமே செய்வதே நல்லது. உறையில் ஒரு பெயரும் பி பக்கத்தில் வேறொருவர் குரலும் இருப்பதைக் காது கொடுத்துக் கேட்கிறவர்தான் கண்டுபிடிப்பார். ஆயிரக்கணக்கில் போனால் வெளியே கொடுங்கள், ஆனால் கையெழுத்துப் போடும் முன் பத்து கேசட்டை மாதிரிக்கு அனுப்பி, திரும்பி வந்த கோப்புகளை ஆரம்பம், நடு, முடிவு என்று ஹெட்ஃபோனில் கேட்டுவிடுங்கள்.