குறுக்கே போடுவதா, பட்டை அடுக்குவதா?

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கு அமோனியம் சல்பேட் மூட்டை புதிதல்ல. அதன் வேதி வாய்ப்பாட்டை எழுதச் சொன்னால்தான் வம்பு. (என்ஹெச்4)2 எஸ்ஓ4 என்று வர வேண்டும். போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் அடைப்புக்குறி போடாமல் 4-ஐ ஒட்டி 2-ஐ எழுதிவிட்டான். ஒரு நைட்ரஜனுக்கு 42 ஹைட்ரஜன்! “ஹோல் டூ” என்று வாயால் சரியாகத்தான் சொன்னான்.

அவன் கற்றது குறுக்கு முறை. இரண்டு பக்க இணைதிறனையும் (ஒரு அணு எத்தனை பிணைப்பு போடும் என்ற எண்) இடம் மாற்றி அடியில் எழுத வேண்டும். அலுமினியத்துக்கு 3, ஆக்சிஜனுக்கு 2. மாற்றினால் ஏஎல்2 ஓ3. பரீட்சைக்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. சிக்கல் மெக்னீசியம் ஆக்சைடில் தொடங்கும். எம்ஜி2 ஓ2 என்று வரும், “சுருக்குடா” என்போம். சுருக்கிப் பழகியவன் ஹைட்ரஜன் பெராக்சைடையும் (ஹெச்2 ஓ2) ஹெச்ஓ ஆக்கிவிடுவான். அங்கே இரண்டு ஆக்சிஜனும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே தொகுதியாக இருப்பதைக் குறுக்குக் கோடு எப்படிக் காட்டும்?

பட்டை முறைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை போதும். ஒரு மின்சுமைக்கு ஒரு அங்குலம் என்று நறுக்க வேண்டும். அயனி என்றால் மின்சுமை உள்ள அணு அல்லது அணுக்கூட்டம். மேல் வரிசையில் நேர் அயனி, கீழே எதிர் அயனி. அலுமினியப் பட்டை 3 அங்குலம், ஆக்சைடு 2. ஒன்றின் கீழ் ஒன்று வைத்தால் ஒரு அங்குலம் துருத்தும். இன்னொரு ஆக்சைடு வைத்தால் கீழே நீளும். மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போனால் 6 அங்குலத்தில் இரண்டு ஓரமும் நேராகும்: மேலே இரண்டு, கீழே மூன்று. “மிஸ், இது மீ.சி.ம. தானே?” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். அதேதான், மீச்சிறு பொது மடங்கு. மெக்னீசியமும் ஆக்சைடும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும், சுருக்கும் பேச்சே இல்லை. அமோனியம் முழுசும் ஒரே பட்டை என்பதால் அது இரண்டு வேண்டுமென்றால் அடைப்புக்குறி தானாக வரும்.

குறையும் உண்டு. ஐப்பசி மழையில் அட்டை நமத்துப்போகும். நாற்பது பேருக்கு நறுக்கி முடிப்பதற்குள் ஒரு பீரியட் போய்விடும். அயனியே இல்லாத கார்பன் மோனாக்சைடு போன்றவற்றுக்குப் பட்டை உதவாது, குறுக்கு முறையும்தான். அங்கே ‘மோனோ’, ‘டை’ என்று பெயரிலேயே எண் இருக்கிறது, அதைப் படிக்கப் பழக்கினால் போதும்.

முழு வாய்ப்பாட்டையும் மனப்பாடம் செய்யச் சொல்வதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. சல்பேட், நைட்ரேட், கார்பனேட் அயனிகளை மட்டும் எந்த முறையானாலும் நெட்டுருப் போட்டே ஆக வேண்டும்.

எண்ணை அடியில் போடாமல் தலைமேல் போடுகிறவர்களை நான் அதிகம் திட்டுவதில்லை. இந்த எழுத்துக் குறியீடுகளைக் கொண்டுவந்த பெர்சீலியஸே முதலில் மேலேதான் போட்டார்.

இந்த வருடம் முதல் நான்கு பீரியட் பட்டை மட்டும். குறுக்குக் கோட்டை ஐந்தாவதில்தான் காட்டினேன். இப்போதும் சிலர் விடைத்தாள் ஓரத்தில் பென்சிலால் குட்டிக் குட்டிப் பட்டை வரைந்து பார்த்துவிட்டுத்தான் குறுக்கே போடுகிறார்கள். அழிக்கச் சொல்வதில்லை.