மேட்டுப்பாத்தியில் போட்ட எருவெல்லாம் எங்கே போனது?

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டு அக்கா சுவரோரம் நின்று கேட்டார். "தம்பி, இதே மாதிரி எங்க வீட்டுலயும் மூணு பாத்தி கட்டிக்கலாமா?" அப்போது என் தோளில் ஏழாவது மூட்டை இருந்தது. "வேண்டாம்க்கா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. கேட்ட நேரம் அப்படி. நிதானமாகச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அது இதுதான்.

சென்னையை ஒட்டிய முடிச்சூர் பக்கம் எங்கள் கொல்லையில் மண் என்று இருப்பது முக்கால்வாசி கட்டட இடிபாடு. கடப்பாரை போட்டால் செங்கல் துண்டுதான் வரும். அதனால் 2021-ல் ஹாலோ பிளாக்கை இரண்டு வரிசை அடுக்கி, உள்ளளவு 6 அடிக்கு 3 அடியாக மூன்று மேட்டுப்பாத்திகள் போட்டேன். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மாட்டெரு மூன்றும் சம பங்கு, எல்லோரும் சொல்லும் அதே கணக்கு. விளிம்பு தொட நிரப்பி, போட்டோ எல்லாம் எடுத்து வைத்தேன்.

அடுத்த ஆனியில் பார்த்தால் மண் 4 அங்குலம் கீழே இறங்கியிருந்தது. முதலில் எலி மேல் சந்தேகம். அப்புறம் கல் இடுக்கு வழியாக மழையில் கரைந்து போகிறதோ என்று இடுக்கையெல்லாம் அடைத்தேன். எருவால் திரும்ப நிரப்பினேன். அதற்கடுத்த வருடம் மறுபடி 3 அங்குலம். என்னை நாலு வருடமாக அரிப்பது இந்த ஒரே விஷயம்தான். பூச்சி, வெயில், குரங்கு எதுவும் எனக்கு இவ்வளவு எரிச்சல் தந்ததில்லை.

எருவை யாரும் திருடவில்லை. நுண்ணுயிர்கள் தின்று, பெரும்பகுதியைக் கரியமில வாயுவாக ஊதிவிடுகின்றன. சூடும் ஈரமும் கூடினால் தின்னும் வேகமும் கூடும். நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. குளிர் நாட்டுக்காரர்கள் வீடியோவில் "வருடத்துக்கு ஓர் அங்குலம் போட்டால் போதும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வதை நம்பி சித்திரை வெயிலுக்கு முன்னால் நிற்கக் கூடாது. 18 சதுர அடிப் பாத்தியில் 3 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 127 லிட்டர். நான் வாங்கும் எருவில் அது 25 கிலோ மூட்டை மூன்று. மூன்று பாத்திக்கு ஒன்பது. எல்லாம் வாசலில் இறங்கும், கொல்லை வரை சுமப்பது நான்தான்.

இரண்டாம் வருட மூட்டைகளின் கதை தனி. பிரித்ததும் கைக்குச் சூடாக இருந்தது, மூக்கில் நெடி ஏறியது. மக்கி முடியாத சரக்கு. அது தெரியாமல் அன்றைக்கே தக்காளி நாற்றை நட்டேன். பத்தே நாளில் இலையெல்லாம் மஞ்சள். பாதி மக்கிய எரு, மிச்சத்தையும் மக்கவைக்க மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே (நைட்ரஜன்) இழுத்துக்கொள்ளும். இப்போதெல்லாம் ஒரு பிடியை ஈரமாக்கி, கவரில் கட்டி நாலைந்து நாள் வைத்துத் திறந்து பார்க்கிறேன். நாறினால் பாத்திக்குப் போகாது. கட்டைவிரல் தடிமனில் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்களும் இலவசமாக வரும். தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டின் குழந்தைகள். எங்களிடம் தென்னை இல்லை, ஆனால் அக்கா வீட்டில் இரண்டு மரம் இருக்கிறதே என்று பொறுக்கி எடுத்து மைனாக்களுக்குப் போட்டுவிடுவேன்.

உண்மையில் கண் திறந்தது போன வருடம்தான். அவ்வளவு எரு போட்டும் வெண்டையின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக வெளுத்துக்கொண்டே வந்தன. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) தேவைக்கு மேல் ஏறிக் கிடக்கிறது. அது மிஞ்சினால் இரும்பையும் துத்தநாகத்தையும் செடி எடுக்கவிடாது. போதாததற்கு எங்கள் போர் தண்ணீரின் உப்பு வேறு. நான் செடிக்கு எரு போடவே இல்லை, உயரத்துக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஊரில் தாத்தா கோடையில் ஏரி வண்டலை வண்டி வண்டியாக அடித்துக் கொட்டுவார், புழுக்கை விழட்டும் என்று வயலில் ஆட்டுக்கிடை போடுவார். வண்டல் உயரத்துக்கு, கிடை சத்துக்கு. இரண்டையும் ஒரே மூட்டையில் வாங்கப் பார்த்தது நான்தான்.

அதனால் இந்த வருட ஒன்பது மூட்டையில் ஐந்து செம்மண். அது மக்கிக் காணாமல் போகாது. ஒரு பாத்தியில் பங்குனியில் பசுந்தாள் உரமாகச் சணப்பை விதைத்து, பூ வந்ததும் வெட்டி அங்கேயே மடக்கிவிட்டேன். சுமைக்கூலி இல்லை, முதுகு வலியும் இல்லை.

நல்லதையும் சொல்லாவிட்டால் பாவம். இன்றைக்கு அந்த மண்ணில் கை மணிக்கட்டு வரை சும்மா இறங்கும். மண்புழுவை நான் வாங்கிவிடவில்லை, தானாக வந்தது. வீட்டு மக்கில் கிடந்த விதையிலிருந்து முளைத்த பரங்கி, நட்ட எந்தச் செடியையும்விட அதிகம் காய்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் கொல்லை முழுக்க முழங்கால் தண்ணீர் நின்றபோது, தொட்டிச் செடிகள் மிதந்துபோயின. மூன்று பாத்தியும் கப்பல் மாதிரி நின்றன. அந்த வாரம் கடையில் காய் இல்லை, எங்கள் வீட்டில் கத்தரிக்காய் குழம்பு.

இவ்வளவுக்குப் பிறகும் அக்காவுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அவர்கள் கொல்லையில் நல்ல களிகலந்த மண் இருக்கிறது. கொத்திவிட்டு, எருவைத் தூவி, தரையிலேயே கரை கட்டி நடலாம். எங்களைப் போல இடிபாட்டின் மேல் குடியிருப்பவர்களுக்குத்தான் இந்தத் தலைவிதி. கேட்டால் நேரில் இதையே சொல்வேன், இந்த முறை கொஞ்சம் மெதுவாக.

இரண்டு மூட்டை இன்னும் சுவரோரம் கிடக்கிறது. ஆடிப்பெருக்குக்கு நாலு வாரம் இருக்கிறது. எரு போட்டு மூன்று வாரமாவது ஆறவிட வேண்டும் என்றால் இந்தச் சனிக்கிழமைக்குள் முதுகு சரியாகியாக வேண்டும்.